மக்களை மறுமுறை கேட்பது முறையாகுமா?

ஒரு நாட்டு மக்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, அவர்களும் விடை கூறிவிட்ட பின்னர், அதே கேள்வியை மறுபடியும் அவர்கள் முன் வைக்கலாமா கூடாதா என்பது, நம் காலத்தில் ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் முகம் திருப்பிக்கொள்ளச் செய்த விவகாரமாகும். 2016 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23 ஆம் நாள் பிரிட்டிஷ் மக்கள், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று நூற்றுக்கு 52 பேரும், விலகலாகாதென்று 48 பேருமாக வாக்களித்தனர். அன்று முதல் 2020 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாள் அந்நாடு விலகி முடிக்கும் வரையில், “மறுபடியும் கேளுங்கள்” என்று ஒரு கட்சியார் லண்டன் வீதிகளில் பெருங்கூட்டமாய் ஊர்வலம் வந்தனர். “கேட்டாயிற்று, சொல்லியும் ஆயிற்று, இனிக் கேட்பது சொன்னவனை அவமதிப்பதாகும்” என்று மற்றொரு கட்சியார் கொதித்தனர். இரு சாராரும் தத்தம் பக்கத்துக்குச் சாட்சியாக அழைத்தது ஒரே ஆளைத்தான். அந்த ஆளுக்கு ‘மக்கள்’ என்று பெயர்.

வெள்ளையர் வீட்டு வழக்கில், சிராங்கூன் சாலைக்கு வெற்றிலையும் முருங்கைக்காயும் வாங்க வந்த நமக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நமக்கு வேலை உண்டு. நம்முடைய சிங்கப்பூரும் ஒரு முறை தன் மக்களை இவ்வாறு கேட்டிருக்கிறது. அதற்கு முன்னும் கேட்டதில்லை. இதுவரை பின்னும் கேட்டதில்லை. 1962 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் நாள் நடந்த அந்த வாக்கெடுப்பைப் பற்றி நம் பெரியவர்கள் அதிகம் பேசுவதில்லை. இளைஞரோ தேர்வுக்குப் படித்து மறந்துவிடுகின்றனர். ஆயினும் மறுமுறை கேட்பது பற்றிய நியாய அநியாயங்கள் எல்லாம் அந்த ஒரு நாளில் அடங்கிக் கிடக்கின்றன.

நடந்ததைச் சொல்கிறேன். 1961 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆம் நாள், மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் சிங்கப்பூர் அடெல்பி விடுதியில் பத்திரிகையாளர் முன்னிலையில் பேசும்பொழுது, மலாயாவும் சிங்கப்பூரும் போர்னியோ நாடுகளும் நெருங்கி வருவது பற்றிக் குறிப்பிட்டார். அந்த ஒரு பேச்சினால் சிங்கப்பூர் அரசியல் தலைகீழாயிற்று. ஆளுங்கட்சியாகிய மக்கள் செயல் கட்சி இரண்டாகப் பிளந்தது. பிரிந்தவர்கள் பாரிசான் சோசியலிஸ் என்னும் புதுக்கட்சி கண்டனர். கூட்டரசோடு எந்த நிபந்தனையில் இணைவது என்பதே இருவருக்கும் சண்டை. இணைப்பே வேண்டாமென்று வெளிப்படையாகச் சொன்ன பெருங்கட்சி அன்று எதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏனெனில் சர்க்கார் தரப்பின் வாதமே அதன்மேல்தான் நின்றது. ‘எல்லாரும் இணைப்பை விரும்புவதாகச் சொல்கிறீர்கள்; ஆகவே இணையலாமா என்று கேட்கவேண்டியதில்லை, எப்படி இணைவது என்று கேட்டாற் போதும்’ என்றனர். வாதம் சாமர்த்தியமானதே.

அதன்படி வாக்குச்சீட்டில் மூன்று வழிகள் அச்சிடப்பட்டன. ‘ஏ’ என்பது, கல்வியையும் தொழிலாளர் விவகாரத்தையும் சிங்கப்பூர் தன் கையில் வைத்துக்கொண்டு இணைவது. இதற்குச் சிங்கப்பூர்க் கொடியைப் போட்டிருந்தார்கள். ‘பி’ என்பது, பினாங்கு மலாக்காவைப் போல மற்றுமொரு மாநிலமாய் முழுக்க இணைவது. இதற்குப் பினாங்குக் கொடி. ‘சி’ என்பது, போர்னியோ நாடுகளுக்குக் கிடைக்கப்போகும் நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில் இணைவது. அந்த நிபந்தனைகள் எவை என்பதோ அன்றைக்கு எவருக்கும் தெரியாது. அவற்றை வகுக்கும் குழுவின் அறிக்கையே அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் வந்தது. பிறவாத பிள்ளைக்குப் பெயரும் வைத்து, அதற்குப் பெண்ணும் கேட்ட கதை!

‘இணைய வேண்டாம்’ என்னும் நான்காவது வரி அந்தச் சீட்டில் இல்லை. பாரிசான் கட்சியினர் இந்த மூன்றும் வேண்டாதவர்கள் வெறுஞ்சீட்டைப் போடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டனர். அதற்குமுன் அவ்வாண்டு ஜூலையில், சட்டமன்ற உறுப்பினர் 19 பேர் இவ்வாக்கெடுப்பு நேர்மையானதன்று என்று ஐக்கிய நாடுகள் சபையின் குடியேற்ற நாடுகள் பற்றிய குழுவுக்கு மனுச் செய்ய, பிரதமர் லீ குவான் இயூ நியூயார்க்குக்கே நேரிற் சென்று மறுமொழி கூறினார். கேள்வியை எழுதும் பொழுதே சண்டை இவ்வளவு என்றால், விடை வந்தபின் அமைதி எங்கிருந்து வரும்?

விடை இவ்வாறு வந்தது. ‘ஏ’ வழிக்கு 397,626, ‘பி’ வழிக்கு 9,422, ‘சி’ வழிக்கு 7,911, வெறுஞ்சீட்டு 144,077. அதாவது வாக்களிப்பது கட்டாயமென்று சாவடிக்கு வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர், சீட்டை வாங்கி, மறைவுக்குப் போய், ஒன்றும் எழுதாமல் மடித்துப் பெட்டியில் இட்டுத் திரும்பினர். எழுதத் தெரியாதவன் செய்த பிழை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. பிழையாய்ப் போன சீட்டுக்களுக்கு வேறு கணக்கு உண்டு. அவை மிகச் சில. தனக்கு வேண்டிய விடைக்குச் சீட்டில் இடமில்லாதவன் சொல்லக்கூடியது மௌனம் ஒன்றே. அந்த மௌனத்தைத்தான் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேர் பெட்டியில் இட்டனர். வெற்றி பெற்றவர்களோ, நூற்றுக்கு 70 பேருக்கு மேல் எம் பக்கம் என்று முரசறைந்தனர். இரண்டும் உண்மையே. இங்கேதான் சிக்கல்.

நம்மவர் நிலையையும் சற்று நினைக்கவேண்டும். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ஊர் ஊராய்ச் சொல்லி, அறியாதாருக்கு மனு எழுதவும் வழிசெய்து தந்த காலத்தை அடுத்து வந்தது இந்த வாக்கெடுப்பு. தஞ்சையிலோ திருச்சியிலோ பிறந்து, இங்கே துறைமுகத்திலும் நகராண்மையிலும் உழைத்து, அப்பொழுதுதான் குடியுரிமைத் தாளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த மனிதனுக்கு, ‘பி’ வழியில் இணைந்தால் சிங்கப்பூரில் பிறவாத பலரின் குடியுரிமை போய்விடும் என்ற எச்சரிக்கை எப்படியிருந்திருக்கும்? ஆகஸ்டு மாதம் 14 ஆம் நாள், அதாவது வாக்கெடுப்புக்குப் பதினெட்டு நாள் முன்னர், சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசியக் குடிமக்கள் என்றே அழைக்கப்படுவர் என்று பிரதமர் வானொலியில் அறிவித்தார். அந்த மனிதன் ‘ஏ’ யில் குறியிட்டான் என்றால் அவன்மேல் எவர் குறை கூறமுடியும்? அவன் கூட்டரசைக் காதலித்தா குறியிட்டான்? தன் தாளைக் காப்பாற்றிக்கொள்ளக் குறியிட்டான்.

இவனை முன்னிறுத்தியே மறுவாக்கு வேண்டாம் என்போர் கூறக்கூடிய நல்ல நியாயம் ஒன்று இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட நான் துணியமாட்டேன். ஒரு தீர்ப்பு வந்துவிட்டால் மக்கள் அதை நம்பிப் பெண் கொடுக்கின்றனர், வீடு வாங்குகின்றனர், பழைய நாட்டுக் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்துவிடுகின்றனர். நாளைக்கே அதை மறுபடியும் தராசில் வைப்போம் என்றால், எளியவன் எதை நம்பி எதைச் செய்வான்? பணக்காரனுக்கு இரண்டு ஊரில் வீடு இருக்கும். தீர்ப்பு மாறினால் ஊர் மாறுவான். தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் வாழ்பவனுக்குத் தீர்ப்பு என்பது ஒருமுறை விழுந்தால் விழுந்ததாக இருக்கவேண்டும். மேலும், தோற்றவன் கேட்கும்பொழுதெல்லாம் மறுபடியும் கேட்பது என்று வைத்தால், வென்றவனும் சும்மா இருப்பானா? இது வரப்புத் தகராறு போலத் தலைமுறைக்கும் நீளும்.

இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டு மேலே போனால், 1965 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9 ஆம் நாளில் போய் முட்டிக்கொள்கிறோம். 1964 ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக்கலவரம். இரு அரசுகளுக்கும் ஓயாத பூசல். கடைசியில் ஆகஸ்டு 7 ஆம் நாள் பிரிவினை உடன்பாட்டில் சிலர் கையெழுத்திட்டனர். 9 ஆம் நாள் கோலாலம்பூர் நாடாளுமன்றம் 126 வாக்குகளால், எதிர்ப்பு ஒன்றுமின்றி, அதை நிறைவேற்றியது. சிங்கப்பூர் மக்கள் அதை வானொலியில் கேட்டு அறிந்தனர். மூன்றாண்டுகளுக்கு முன் ‘மக்கள் தீர்ப்பு’ என்று முரசறையப்பட்ட அதே 397,626 வாக்குகள் ஒரு காலைப் பொழுதில் கழிக்கப்பட்டன. எவரும் சிங்கப்பூர் மக்களை மறுபடியும் கேட்கவில்லை. இணைவதற்குக் கேட்கப்பட்டவர்கள் பிரிவதற்குக் கேட்கப்படவில்லை.

பிரிந்தது நன்மையா தீமையா என்பது இங்கே பேச்சன்று. நன்மையாகவே முடிந்தது என்பார் பலர். ஜோகூர்ப் பாலத்தின் இரு கரையிலும் உறவைப் பிரித்துக்கொண்ட நம்மவருள் அப்படிச் சொல்லாதவரும் உண்டு. நான் கேட்பது வேறு. மக்களை மறுமுறை கேட்பது அவர்களை அவமதிப்பதாகும் என்றால், கேளாமலே அவர்கள் சொன்னதை மாற்றுவது என்ன ஆகும்? மரியாதை ஆகுமா? மறுவாக்கை மறுப்போர் பெரும்பாலும் தீர்ப்பைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, தீர்ப்பின் சாவியை மட்டும் ஆள்வோர் இடுப்பில் செருகிவிடுகின்றனர். வேண்டும்போது பூட்டுவர், வேண்டாதபோது திறப்பர்.

நிற்க. மறுமுறை கேட்டுவிட்டால் மட்டும் எல்லாம் நேராகிவிடும் என்று மயங்குவோருக்கும் நம் பக்கத்துக் கதையே ஒரு மருந்து வைத்திருக்கிறது. சபாவிலும் சரவாக்கிலும் மக்கள் கருத்தைக் காப்பால்டு குழு 1962 இல் விசாரித்தது போதாது என்று இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் வாதாடின. 1963 ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய தலைவர்கள், ஐக்கிய நாடுகள் சபை மறுபடியும் விசாரிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டனர். இதற்காக மலேசியா பிறக்கும் நாளும் ஆகஸ்டு 31 இலிருந்து தள்ளிப்போடப்பட்டது. சபையின் ஆட்களும் வந்து விசாரிக்கத் தொடங்கினர். அவர்கள் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 29 ஆம் நாள், செப்டம்பர் 16 இல் மலேசியா பிறக்கும் என்று கோலாலம்பூரில் அறிவித்துவிட்டனர்! ஊ தாண்டின் முடிவு வெளிவந்தது செப்டம்பர் 14 ஆம் நாள். முடிவு இணைப்புக்குச் சாதகமே; ஆனாலும் விடை வருமுன் நாள் குறித்தது பற்றி அவரே வருத்தம் தெரிவித்தார். முகூர்த்தம் வைத்துவிட்டுப் பெண்ணைச் சம்மதம் கேட்ட இந்த மாதிரி மறுவாக்கு, கேளாமையிலும் இழிந்ததென்பேன்.

அப்படியானால் எப்போது கேட்கலாம்? முதலில் பார்க்கவேண்டியது விடையை அன்று, வினாவை என்பதே என் எண்ணம். டென்மார்க்கு நாட்டார் 1992 ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்றை மிகச் சிறு வேறுபாட்டில் தள்ளினர். அடுத்த ஆண்டு மறுபடியும் கேட்டபோது ஏற்றனர். ‘சரியான விடை வரும்வரை கேட்டார்கள்’ என்று ஏளனம் செய்வோருண்டு. ஆனால் இடையில் அந்நாட்டுக்கென்று சில விலக்குகள் பேசி வாங்கப்பட்டிருந்தன. இரண்டாம் முறை வைத்த பண்டம் முதல் முறை வைத்ததன்று. பிரிட்டனிலும் 2016 இல் நடந்ததே ஒரு மறுவாக்குத்தான். 1975 இல் இதே கேள்விக்கு அங்கத்தார் நூற்றுக்கு 67 பேர் இருப்போம் என்று சொல்லியிருந்தனர். நாற்பத்தோராண்டில் உலகமே மாறிவிட்டது, ஆகவே கேட்டது தவறில்லை. ஆனால் இரண்டாம் முறை கேட்டதால் வென்றவர்கள், மூன்றாம் முறை கேட்பதே பாவம் என்றதுதான் வேடிக்கை.

இலங்கையில் 1982 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் விளக்குச் சின்னமா குடச் சின்னமா என்று கேட்டனர். உண்மையில் கேட்டது, 1977 இல் தேர்ந்த நாடாளுமன்றத்தைத் தேர்தலே இல்லாமல் இன்னும் ஆறாண்டு வைத்துக்கொள்ளலாமா என்பது. விளக்கு நூற்றுக்கு 54 க்குச் சற்று மேற்பட்ட வாக்கில் வென்றது. மக்களைப் புதிதாய்க் கேட்கவேண்டிய கடமையை, மக்களைக் கேட்டே தள்ளிப்போட்டார்கள். மலையகத் தோட்டங்களில் அன்றும் குடியுரிமை இல்லாதிருந்த நம் இனத்தாருக்கோ விளக்குமில்லை, குடமுமில்லை. அடுத்த ஜூலையில் அங்கே என்ன நடந்தது என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

ஆகவே, தோற்றவன் என்ற ஒரே காரணத்தால் ஒருவனுக்கு மறுவாக்குக் கேட்கும் உரிமை வந்துவிடாது. அவன் விரும்பிய விடையும் சீட்டில் இருந்து, அதற்கு வேண்டிய வாதத்தை அச்சமின்றிச் சொல்லவும் இடமிருந்து, அப்புறமும் தோற்றிருந்தால், விஷயம் மாறும் வரையில் அவன் பொறுத்திருக்கக் கடமைப்பட்டவன். ஆனால் எவனுடைய விடைக்குச் சீட்டில் வரியே இல்லையோ, அவன் மறுமுறை கேட்பதாக நாம் சொல்வதே பிழை. அவனை இன்னும் முதல் முறையே கேட்கவில்லை. 1962 இல் வெறுஞ்சீட்டுப் போட்டவர்களின் நிலை இதுவே. அவர்களுக்காகப் பேசிய தலைவர்கள் பலர் ஐந்தே மாதத்தில், 1963 பிப்ரவரி 2 ஆம் நாள், விசாரணையின்றிச் சிறை புகுந்தனர். அவர்கள் கொள்கை தவறாகவே இருக்கட்டும். தவறான கொள்கையுடையவனுக்கும் சீட்டில் ஒரு வரி உண்டு.

இவ்வளவு நியாயம் பேசுகிறவன் யோக்கியன்தானா என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நான் ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறவன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குச் செயலாளனாகவும் ஆக்கிவைத்தார்கள். திருவிழாவில் ஆடு வெட்டும் வழக்கத்தை ஒழித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இதைச் ஜனநாயக முறைப்படி தீர்ப்போம் என்று கூட்டத்தில் சொல்லி, சீட்டு அச்சடித்து வாக்கெடுத்தேன். சீட்டில் மூன்று வரி எழுதினேன்: பூசணிக்காய் உடைப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, சர்க்கரைப் பொங்கல் மட்டும் படைப்பது. எழுதியவன் நான், அச்சடித்தவன் நான், எண்ணினவனும் நான்.

காட்டு வேலைக்குப் போகும் மூதாட்டி ஒருவர் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். “கிராணி ஐயா, எனக்கு வேண்டியதை இதுல எழுதலையே. எங்க குத்துறது?” என்றார். “இருக்கிறதில் ஒன்றைக் குத்துங்கள், ஆயா” என்றேன். அவர் குத்தவில்லை. அவரைப்போல முப்பது பேருக்கு மேல் குத்தவில்லை. பூசணிக்காய் பெருவாரியான வாக்கில் வென்றது என்று நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்தேன். 1962 ஐப் பற்றி அப்பொழுது நான் ஒன்றும் படித்திருக்கவில்லை. எனக்கு எவரும் கற்றுத்தரவும் வேண்டியிருக்கவில்லை. நல்ல காரியத்தில் ஆத்திரம் உள்ளவனுக்கு இந்த வித்தை தானாகவே வரும்போலும்.

அடுத்த ஆண்டு மறுபடியும் வாக்கெடுக்க வேண்டும் என்று பெரிய மண்டோரும் வேறு சிலரும் வந்து கேட்டனர். பெரும்பான்மையின் தீர்ப்பைப் பற்றி அவர்களுக்கு நான் செய்த பிரசங்கம் இப்பொழுது நினைத்தாலும் கூசுகிறது. அதற்கடுத்த ஆண்டு, திருவிழாவுக்கு முன்னிரவில், எல்லைக்கல் ஓரம் முனியாண்டிக்கு ஆடு விழுந்தது. யாரையும் யாரும் கேட்கவில்லை. காலையில் மண்ணில் இரத்தக்கறையைப் பார்த்தேன். குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை. பூசணிக்காயும் வழக்கம்போல் உடைந்தது.

சிங்கப்பூரைப் பற்றி ஒரு செய்தி விட்டுப்போயிற்று. 1972 இல் அந்நாடு தன் அரசியல் சட்டத்தில் ஒரு பூட்டுப் போட்டது: இனி நாட்டின் இறைமையை எவருக்கேனும் விட்டுக்கொடுப்பதானால், மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று. கேளாமல் மாற்றலாகாது என்னும் அளவில் இது நல்ல பூட்டே. ஆனால் 1962 இன் ‘ஏ’ வழி அந்த மூன்றில் இரண்டையும் தாண்டித்தான் வென்றிருந்தது. எண்ணிக்கையை எவ்வளவு உயர்த்தினாலும், சீட்டை எழுதும் கையை அது பிடிக்காது. அந்தக் கையைப் பிடிப்பதற்கு எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளைப் பார்க்கவேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கோயிலில் பிறகு அப்படித்தான் செய்தோம். பெரிய மண்டோரையும் அந்த மூதாட்டியையும் அருகில் வைத்துக்கொண்டு புதுச்சீட்டு எழுதினேன். ஆடு என்பதை முதல் வரியாகப் போடவேண்டும் என்றார் மண்டோர், போட்டேன். இம்முறை வெறுஞ்சீட்டு இரண்டே. ஆடு பதினேழு வாக்கு மிகுதியாக வென்றது. மூதாட்டி என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, இரங்கவும் இல்லை. சீட்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அது நடந்து நாலு திருவிழா ஆயிற்று. ஆடு வெட்டுவது தவறு என்ற என் கொள்கையில் அணுவளவும் மாற்றமில்லை. ஒவ்வோராண்டும் கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன். இளைஞர் சிலர் என் பக்கம் வந்திருக்கின்றனர். பழைய ஆட்கள் சிலர் பட்டணத்தில் பிள்ளைகளோடு போய்விட்டனர். விஷயம் மாறிவிட்டதா, அல்லது மாறிவிட்டதென்று எனக்குத் தோன்றுகிறதா என்பதை என்னால் நிச்சயிக்கக் கூடவில்லை. மறுவாக்குக் கோரும் மனுவை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தப் பங்குனியில் பெரிய மண்டோரிடம் போய், மாறியிருக்கிறதா இல்லையா என்று அவரையே கேட்கலாமென்று இருக்கிறேன்.